காலமாகாத என் மருமகன் குறித்து ‘லாம்பெத் தூதன்’ ஆசிரியருக்கு

கயிற்றுத் தெரு, லாம்பெத், லண்டன்.
1843 அக்டோபர் 23, திங்கட்கிழமை.

‘லாம்பெத் தூதன்’ வார இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் திரு. ஹம்ஃப்ரி ஓட்ஸ் அவர்களுக்கு, முப்பத்து நான்கு ஆண்டுகள் இதே பேட்டையில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வுபெற்ற ஜோசையா பென்டலோ வணக்கம் கூறி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மகள் ஹெஸ்டரும் நலம். தங்கள் இதழில் காலமான என் மருமகன் டோபியாஸ் ரென்னும் நலம். தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருக்கிறது. அங்கே தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியாரின் நலத்தையும், தங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர்கள் அனைவருடைய கண்களின் நலத்தையும் ஆண்டவனிடம் வேண்டுகிறேன்.

இது நான் தங்களுக்கு எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதம் மூன்றே வரி. ‘ஐயா, அக்டோபர் 14 இதழில் தாங்கள் வெளியிட்ட, காலஞ்சென்ற நகைச்சுவைப் பாடகர் டோபியாஸ் ரென்னின் வாழ்க்கைச் சரித்திரம் வாசித்தேன். அவர் காலஞ்செல்லவில்லை. எதிரே உட்கார்ந்து சுட்ட மீன் சாப்பிடுகிறார்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அதற்குத் தாங்கள் பன்னிரண்டு வரியில் பதில் போட்டீர்கள். செய்தி நம்பத்தக்க இடத்திலிருந்து வந்தது என்றும், அவர் உயிரோடிருப்பதற்குத் தக்க அதிகாரியின் சான்று கொண்டுவந்தால் பரிசீலிப்பதாகவும், அதுவரை எங்கள் குடும்பத்துக்குத் தங்கள் ஆழ்ந்த அனுதாபம் என்றும் முடித்திருந்தீர்கள். அனுதாபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாததால் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஐயா, வகுப்பில் ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் நான் அடித்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் சறுக்கினாய் என்று அவனையே கண்டுபிடிக்க வைப்பேன். தங்களுக்கும் அந்தப் பொறுமையையே காட்ட விரும்புகிறேன். ஆனால் விடை சரியாகும் வரை பையனை வீட்டுக்கு அனுப்பியதும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தங்கள் சரித்திரத்தின் இரண்டாம் பத்தி. டோபியாஸ் ‘வழக்கறிஞர் அலுவலகத்தில் கையாடல் செய்து துரத்தப்பட்டார்’ என்கிறீர்கள். அவன் ஒன்பது வயதில் என்னிடம் படிக்க வந்தவன். (மாணவனாக இருந்தவரை அவன், மருமகனான பிறகு அவர். இரண்டும் மாறி மாறி வரும், பொறுத்துக்கொள்ளவும்.) தோல் பதனிடுகிறவர் மகன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் நானே ஒரு வழக்கறிஞரிடம் நகல் எழுதும் வேலையில் சேர்த்துவிட்டேன். அங்கே மனுக்களின் பின்பக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் அதில் பாட்டு எழுதினான். ஒருநாள் மனுவின் முன்பக்கத்துக்குப் பதிலாகப் பின்பக்கம் நீதிபதியின் கைக்குப் போயிற்று. மூன்று சரணத்தையும் அவர் வாய்விட்டு வாசித்துவிட்டு, மனுதாரர் தரப்பில் இதுவரை சொல்லப்பட்டதில் இதுதான் விளங்குகிறது என்றாராம். வேலை போனது அதற்காக. இதில் கையாடல் எங்கே இருக்கிறது? ஒரு காகிதத்தின் ஒரு பக்கத்தைக் கையாடினான் என்று வேண்டுமானால் போடுங்கள்.

அடுத்தது, ‘குடிகாரக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தே வாழ்ந்தார், இளைஞர்களே, இந்தத் தொழில் சாக்கடையில்தான் கொண்டுபோய் விடும்’ என்ற தங்கள் உபதேசம். நானும் ஒருகாலத்தில் இப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை. இவனுக்குப் பெண் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. ஹெஸ்டர் ஒற்றைக்காலில் நின்றபோது, இவன் தொழிலின் கேவலத்தை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பி, நீலக் கரடி விடுதியில் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு பக்கம் சோப்புக் காய்ச்சுகிறவர், இன்னொரு பக்கம் எலும்பு அரைக்கும் ஆலையில் வேலைபார்க்கும் அம்மாள். விடியற்காலையிலிருந்து அந்த நாற்றத்தில் நின்றவர்கள், ஒரு கோப்பை கறுப்பு பீரும் ஒரு வெந்த உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு இரண்டு மணிநேரம் சிரிக்க வந்திருந்தார்கள். டோபியாஸ் முகத்தில் மாவு பூசி, சிவப்பு மீசை ஒட்டி, போலீஸ்காரரின் உயரத் தொப்பியோடு மேடைக்கு வந்தார். திருடனிடம் பிடுங்கிய கடிகாரத்தைத் தவறி விழுங்கிவிட்ட காவலர் பாட்டு அது. பேட்டை முழுவதும் பாடுவதுதான், தாங்களும் கேட்டிருப்பீர்கள்:

திருடன் எடுத்த கடிகாரம் – அதைத்
தின்று விட்டார் போலீசார்;
திருடர் எல்லாம் மணிபார்க்க – அவர்
தொப்பையில் காதை வைக்கின்றார்.

அந்தத் தொப்பை டிக் டிக் என்று அடிக்க, அவர் பூனைபோல் பதுங்கப் பதுங்க, சத்தம் கேட்டுத் திருடர்கள் ஓட ஓட, என் கோட்டின் இரண்டு பொத்தான்கள் தெறித்துச் சோப்புக்காரரின் பீரில் விழுந்தன. அந்த வாரமே பெண்ணைக் கொடுத்துவிட்டேன். எலும்பு ஆலை அம்மாளை இரண்டு மணிநேரம் சிரிக்கவைக்க என்னால் முப்பத்து நான்கு ஆண்டில் முடிந்திருக்காது. தங்கள் பத்திரிகையாலும் இதுவரை முடியவில்லை. இந்தச் சரித்திரம் ஒன்று நீங்கலாக.

இனி, இந்தச் சாவு எப்படி நேர்ந்தது என்பது. இதைத் தாங்கள் விசாரிக்கவில்லை, நான் விசாரித்தேன். இம்மாத ஆரம்பத்தில் மாப்பிள்ளைக்குத் தொண்டை வீங்கி ஒன்பது நாள் பாடப்போகவில்லை. அதே சமயம், செவன் டயல்ஸ் பக்கம் தெருப்பாட்டு அச்சடிக்கும் ஸ்கேல்ஸ் என்பவர், சாகக் கிடந்த ஒரு கிழட்டுப் பிரபுவுக்கு இரங்கற்பா போடுவதற்காக நாலாயிரம் தாளுக்குக் கறுப்புக்கரை அடித்துத் தயாராக வைத்திருந்தார். பிரபு எழுந்து உட்கார்ந்து ஆட்டுச்சூப் கேட்டுவிட்டார். காகிதத்தை வீணாக்க மனமில்லாத ஸ்கேல்ஸ், அந்தக் கறுப்புக் கரைக்குள் எங்கள் காவலர் பாட்டை அச்சடித்துத் தெருவில் விட்டுவிட்டார். கூவி விற்கிறவர்கள் எழுத்தையா பார்ப்பார்கள், கரையைத்தான் பார்ப்பார்கள். ‘காலஞ்சென்ற டோபி ரென்னின் கடைசிப் பாட்டு’ என்று பாலம் வரைக்கும் கத்திக்கொண்டு போனார்கள். நான் நேரில் போய்க் கேட்டபோது அந்த ஸ்கேல்ஸ் துளிக்கூடக் கூசவில்லை.

“வாத்தியாரையா, பிரபு பொழைச்சா நான் என்ன பண்றது? கரை போட்ட தாளுக்கு ஒரு ஆள் வேணும்ல. உங்க மாப்பிள்ளையும் ஒரு வாரமா கண்ணுல படல” என்றார்.

தங்களுடைய ‘நம்பத்தக்க இடம்’ இதுதான் ஐயா.

தங்கள் இதழ் வந்த சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஹெஸ்டர்தான் வாசித்தாள். மாப்பிள்ளை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்க செவ்வாய்க்கிழமையே போயிட்டீங்களாம்.”

“செவ்வாய்க்கிழமையா? அன்னிக்குத்தானே நீ எனக்குக் கடுகுப் பத்துப் போட்டே?”

“அதுலதான் போயிருப்பீங்க. ‘அழுவதற்கு ஒரு ஜீவன்கூட இல்லை’ன்னு போட்டிருக்கான். அப்ப நான் யாரு? வாடகைக்கு வந்த ஆளா?”

“நீ அழுதியா?”

“உங்களுக்குத்தான் மீன் சுட்டுக்கிட்டிருந்தேன். எங்கருந்து அழறது?”

நான்கூடச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிரிப்பு அன்று சாயங்காலமே நின்றுபோயிற்று. லாரன்ஸ் க்ரிம்ப் என்ற இளம் பாடகர், தொப்பியில் கறுப்பு ரிப்பன் கட்டி, கையில் ஒரு சட்டி விலாங்குக் குழம்போடு துக்கம் விசாரிக்க வந்தார். கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. க்ரிம்ப் முகத்தைப் பார்க்கவேண்டுமே. குழம்புச் சட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிற முகம்.

“என்ன அண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க? நான் ரெண்டு நாளா காவலர் பாட்டு ஒத்திகை பார்க்கிறேன். சிவப்பு மீசை வேற வாங்கிட்டேன்.”

“நான் சாகலியேடா லாரி.”

“அது எனக்குத் தெரியுது அண்ணே. பத்திரிகைக்குத் தெரியலியே. அடுத்த சனிக்கிழமை உங்க நினைவுக் கச்சேரின்னு நீலக் கரடியில மல்லோ நோட்டீஸ் ஒட்டிட்டாரு. சட்டம்னா சட்டம்தான். குழம்பு ஆறிடப்போகுது, சாப்பிடுங்க.”

அவர் சொன்ன சட்டம் என்னவென்று தாங்கள் அறியாவிட்டால் இந்தக் கடிதத்தின் வலி தங்களுக்குப் புரியாது. பாட்டுக் கட்டியவர் உயிரோடிருக்கும்வரை, அவர் அனுமதியின்றி இன்னொருவர் அந்தப் பாட்டை இந்த ஊர் விடுதிகளில் பாடக்கூடாது. அவர் இறந்துவிட்டால், நினைவுக் கச்சேரியில் எந்தப் பாட்டை எவர் முதலில் பாடுகிறாரோ அந்தப் பாட்டு அவருக்குச் சொந்தம். எந்த நீதிமன்றமும் எழுதிய சட்டம் அல்ல இது. ஆனால் மீறியவரை ஒரு விடுதியும் மேடையேற்றாது. ஆக, தாங்கள் கொன்றது ஓர் ஆளை அல்ல ஐயா. இருபத்து மூன்று பாட்டுகள், பதினோரு ஆண்டு உழைப்பு, அவர் வாயைத் திறந்தால் வருகிற அத்தனையும் அந்த ஒரு சனிக்கிழமையோடு ஊரார் சொத்து. பிறகு தன் பாட்டையே பாட க்ரிம்ப்பிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

தாங்கள் கேட்ட சான்றுக்காகப் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போனோம். அவர் நல்ல மனிதர், நாற்காலிகூடப் போட்டார்.

“இவர் செத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல எழுதிக் குடுத்திருப்பேன்” என்றார். “உயிரோட இருக்காருன்னு எழுத என்கிட்ட ஃபாரம் இல்லீங்களே.”

“எதிரில் நிற்கிறாரே?” என்றேன்.

“நிக்கிறாரு, நான் இல்லேங்கல. ஆனா சர்க்கார் எனக்கு ரெண்டு புத்தகம்தான் குடுத்திருக்கு. ஒண்ணுல வந்ததை எழுதணும், இன்னொண்ணுல போனதை எழுதணும். இருக்கிறதை எழுத எதுவும் குடுக்கல.”

பிறகு வியாழக்கிழமை மாப்பிள்ளையையே சான்றாகத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தேன். தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்து, “சாயல் அப்படியே இருக்கு. தம்பியா?” என்றீர்கள். அந்தக் கேள்வியை நான் மன்னித்தாலும் என் மகள் மன்னிக்கமாட்டாள். “நாங்க ஒரு தடவை போட்டா போட்டதுதாங்க” என்றும் சொன்னீர்கள். என் வகுப்பில் இதே வாக்கியத்தைச் சொன்ன ஒரு பையன் இருந்தான். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்பதில் கடைசிவரை உறுதியாக நின்றான். அவன் எங்கே போயிருப்பான் என்று அடிக்கடி நினைப்பேன். பத்திரிகை நடத்தப் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை நீலக் கரடிக்குப் போனோம். அங்கே சபைத் தலைவர் மல்லோ. பாடுகிறவரை அழைப்பதும், சத்தம் போடுகிறவரை மரச்சுத்தியல் தட்டி அடக்குவதும் அவர்தான். மாப்பிள்ளையை ஒன்பது ஆண்டுகளாகத் தெரிந்தவர். பார்த்ததும் கட்டிப்பிடித்துக் கண்ணீர்கூட விட்டார். விட்டுவிட்டு, “டோபி, நாளைக்கு ஒருநாள் மட்டும் செத்திரு, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்” என்றார்.

“மல்லோ அண்ணே, இது என் பாட்டு.”

“தெரியுதுடா. பெஞ்சு ஒண்ணு பாக்கியில்லாம வித்துப்போச்சு. அழறதுக்குன்னே நாட்டுப்புறத்துலேருந்து வண்டி கட்டிக்கிட்டு வராங்க. நீ உயிரோட வந்து நின்னா பெஞ்சை என் தலையில உடைப்பானுங்க. சபைப் புத்தகத்துல நீ செத்ததா உன் பேருக்குக் கீழே கோடும் போட்டாச்சு. போட்ட கோட்டை அழிக்கிற வழக்கம் இல்லை.”

மாப்பிள்ளை சுருண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பாட்டு எழுதுகிறவர் எழுத்தும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் நான் சத்தம் போடுவதில்லை, கேள்வி கேட்பேன்.

“மல்லோ, நினைவுக் கச்சேரியில் சபையிலிருக்கும் எவரும் எழுந்து பாடலாமா?”

“பாடலாம் வாத்தியாரையா. அதுதான் வழக்கம்.”

“இறந்தவரின் உறவினர் பாடலாமா?”

“தாராளமா.”

“இறந்தவர் பாடலாமா?”

மல்லோ சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதுக்குத் தடை இருக்கிற மாதிரித் தெரியல” என்றார்.

“எவ்வளவு பாடினால் பாடியதாகக் கணக்கு?”

“முதல் சரணம் முடிச்சு, சபை கூடச் சேர்ந்து ஒரு தடவை பல்லவி பாடணும். சபை வாயைத் திறக்கலேன்னா செல்லாது.”

போதும் என்று எழுந்தேன். இருபத்து மூன்று பாட்டுகளுக்கும் பட்டியல் நானே எழுதினேன். இங்கே நான் செய்த தவற்றையும் சொல்லிவிடவேண்டும். பிறர் தவற்றைத் திருத்துகிறவன் தன்னுடையதை மறைக்கக்கூடாது. பழக்கதோஷத்தில், எளிய பாடத்தை முதலிலும் கடினமானதைக் கடைசியிலுமாக வரிசைப்படுத்திவிட்டேன். காவலர் பாட்டு, ஊரே விரும்பும் அந்த ஒரே பாட்டு, இருபத்து மூன்றாவதாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

நேற்று முன்தினம் சனிக்கிழமை எட்டு மணிக்கு மல்லோ கச்சேரியைத் தொடங்கி, காலஞ்சென்றவருக்காக எல்லாரையும் தொப்பியைக் கழற்றச் சொல்லி (மாப்பிள்ளையும் கழற்றினார்), பாட விருப்பமுள்ளவர் யார் என்று கேட்டதுதான் தாமதம், க்ரிம்ப் மீசை ஒட்டி முடிப்பதற்குள் மாப்பிள்ளை எழுந்துவிட்டார், மாவும் மீசையும் தொப்பியும் இல்லாமல் வெறும் முகத்தோடு நின்ற அவரை அங்கே ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை, தொண்டை வேறு துருப்பிடித்த கதவுபோல் கிறீச்சிட்டது, முதல் பாட்டின் மூன்றாவது அடியிலேயே உருளைக்கிழங்கு விற்கும் பெக் அம்மாள் எழுந்து, “யோவ், செத்த மனுஷன் பாட்டை ஏன்யா இப்படிக் கொல்றே? டோபி பாடினா தேனாட்டம் இருக்கும்” என்றாள், ஒரு கிழங்கு பறந்து வந்தது, ஹெஸ்டர் அதைப் பிடித்து உரித்துத் தின்றுகொண்டே பல்லவியை எடுத்துக்கொடுத்தாள், நானும் கூடப் பாடினேன், அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது ஐயா, வருஷக்கணக்காக வாயில் ஊறிய பல்லவி என்பதால் அந்த ஜனங்களால் பாடாமல் இருக்க முடியவில்லை, வாயில் வசவும் பல்லவியும் கலந்து வந்தன, ‘உட்காருய்யா’ என்று ஒரு மூச்சு, பல்லவி ஒரு மூச்சு, மல்லோ சுத்தியலைத் தட்டி “ஒண்ணு, செல்லும்” என்றார்.

இப்படியே இரண்டு, மூன்று, ஏழு, பன்னிரண்டு. நான் பக்கத்தில் நின்று பட்டியலைப் பார்த்து முதல் அடியை எடுத்துக்கொடுத்தேன். ஏனென்றால் பதற்றத்தில் மாப்பிள்ளைக்குத் தன் பாட்டே மறந்துபோயிற்று. பதினான்காவதில் ஒருவர், “இவனுக்குக் குரல் இல்லை, ஆனா வெட்கமும் இல்லை, அது பிடிச்சிருக்கு” என்றார். பதினாறாவதில் க்ரிம்ப் விஷயத்தைப் புரிந்துகொண்டு அறையின் மறுகோடியிலிருந்து பதினேழாவதை ஆரம்பித்தார். ஹெஸ்டர் அவருக்கு முன்னால் போய் நின்று, “லாரி, எங்க வீட்டுக்குக் கொண்டுவந்த குழம்புல உப்பே இல்ல, தெரியுமா?” என்று பேச்சுக் கொடுத்தாள். அவர் பாவம், பாட்டை நிறுத்திவிட்டு, “இல்லியே அக்கா, எங்கம்மா பார்த்துத்தானே போட்டாங்க” என்று பதில் சொல்வதற்குள் பதினேழும் செல்லுபடியாகிவிட்டது.

இருபத்திரண்டு முடிந்தபோது மாப்பிள்ளையின் குரல் அடியோடு நின்றுபோயிற்று. வாய் அசைகிறது, காற்று வருகிறது, சத்தம் இல்லை. மீதி இருந்தது காவலர் பாட்டு. க்ரிம்ப் உயரத் தொப்பியும் சிவப்பு மீசையுமாக மேடையில் ஏறியாயிற்று. பியானோக்காரர் ஆரம்பித்தும்விட்டார். கையிலிருந்த பட்டியலை மடித்துப் பைக்குள் திணித்தேன். வரிசையை எழுதியவன் நான்தானே.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கி நடந்தார். வெறும் நடை. வயிற்றை முன்னே தள்ளி, ஒவ்வோர் அடிக்கும் நாக்கால் டிக், டிக் என்று அடித்து, அந்தச் சத்தத்தைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, தன் வயிற்றைத் தானே ‘உஷ்’ என்று அடக்கி, மறுபடி பதுங்கி. மேடையில் க்ரிம்ப் முதல் சொல்லுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் சபை பாடத் தொடங்கிவிட்டது. எவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. சோப்புக்காரர்களும் தோல்காரர்களும் பெக் அம்மாளும், வண்டி கட்டி அழவந்தவர்களும், முதல் சரணம் முழுவதையும் பல்லவியோடு சேர்த்து, அந்த நடைக்குத் தக்கபடி தாங்களே பாடி முடித்தார்கள். க்ரிம்ப் திறந்த வாயோடு நின்றார்.

மல்லோ சுத்தியலைத் தூக்கினார், தட்டவில்லை. “இது சிக்கல். முதல்ல பாடினது சபை. பாட்டு சபைக்குத்தான் சேரும்” என்றார்.

“எங்களுக்கா?” என்றாள் பெக் அம்மாள். “அப்ப நாங்க யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்ல?”

“குடுக்கலாம்.”

அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். “அந்தத் தொண்டை கட்டினவனுக்கே குடுத்திருவோம். பாட்டு வரல அவனுக்கு. ஆனா நடை மட்டும் அப்படியே நம்ம டோபி.”

மேசைகளில் கோப்பைகள் இடிபட்டன. மல்லோ தட்டினார். சபைப் புத்தகத்தைத் திறந்து, எல்லார் முன்னிலையிலும், “வாரிசா எழுதணும். உங்க பேர் என்னங்க?” என்று கேட்டார், பாவம், முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. மாப்பிள்ளைக்குக் குரல் இல்லாததால் நான் சொன்னேன். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘காலஞ்சென்ற டோபியாஸ் ரென்னின் இருபத்து மூன்று பாட்டுகளும் இன்றுமுதல் டோபியாஸ் ரென் அவர்களைச் சேரும்.’ அடியில் சபையின் சாட்சியாக நாற்பத்தொரு கையொப்பம். அதில் பதினெட்டு வெறும் கீறல். எழுதத் தெரியாதவர்கள் அவர்கள். இருந்தாலும் எதிரில் நிற்கிற ஆள் இருக்கிறானா என்று பார்க்கத் தெரிந்தவர்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தாங்கள் கேட்ட சான்று இதோ. என் கோரிக்கைகள் வருமாறு. வரும் 28ஆம் தேதி இதழில், முதல் பக்கத்தில், டோபியாஸ் ரென் உயிரோடிருக்கிறார் என்று தாங்கள் கொட்டை எழுத்தில் அறிவிக்கவேண்டும். கையாடல் என்ற சொல்லைத் திரும்பப் பெறவேண்டும். இளைஞர்களுக்குச் சொன்ன உபதேசத்தை இளைஞர்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு வரிகூடக் குறைக்க இணங்கமாட்டேன். செய்யாவிட்டால், தினமும் காலை ஒன்பது மணிக்குத் தங்கள் அலுவலக வாசலில் மாப்பிள்ளையோடு வந்து நிற்பேன். அவர் நடப்பார், நான் எண்ணுவேன். எனக்கு வயது அறுபத்தாறு, வேறு வேலை கிடையாது, ஒரே பாடத்தை முப்பத்து நான்கு ஆண்டு நடத்திச் சலிக்காதவன்.

தங்கள் பேனாவுக்கும் அதைப் பிடிக்கும் கைக்கும் நெடிய ஆயுளையும் தெளிந்த பார்வையையும் இறைவன் அருள்வானாக. தங்கள் துணைவியாருக்கு என் மகளின் அன்பையும், தங்கள் எழுத்துக் கோப்பாளர்களுக்கு என் மன்னிப்பையும் தெரிவிக்கவும்.

தங்கள் பணிவுள்ள, ஆனால் பின்வாங்காத,
ஜோசையா பென்டலோ.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் மல்லோ மூச்சிரைக்க ஓடிவந்தார். ‘காலஞ்சென்ற டோபி ரென்னின் பாட்டுகள், அவருடைய ஒரே வாரிசு பாடுவது’ என்று நோட்டீஸ் ஒட்டினாராம். கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லாச் சனிக்கிழமைகளுக்கும் பெஞ்சு கேட்டு ஆள் வந்தாயிற்றாம். உயிரோடிருந்த டோபியாஸுக்குப் பாதி பெஞ்சு நிறைந்ததே அபூர்வம். மாப்பிள்ளையும் நேற்றே ஒரு புதுப்பாட்டுக் கட்டிவிட்டார். குரல் இல்லாததால் சிலேட்டில் எழுதிக் காட்டினார்:

செத்துப் போனேன் செவ்வாய் அன்று – எனக்குச்
சேதி வந்தது சனியன்று;
பத்திரிகையே சொன்ன பின்னும் – நான்
படுக்காதிருந்தால் நியாயமா?

இந்தப் பாட்டை உயிரோடிருக்கிற எவனும் பாட முடியாது, க்ரிம்ப் உட்பட. எனவே மேலே கண்ட கோரிக்கைகள் எதையும் தயவுசெய்து நிறைவேற்றவேண்டாம். 28ஆம் தேதி இதழில் முடிந்தால் சாவுச் செய்தியை இன்னொரு முறை, கொஞ்சம் பெரிதாகவே போடவும். இதனால் தாங்கள் எழுதியது சரியென்று ஆகிவிடாது என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். அப்போது அவர் தங்கள் பேச்சைக் கேட்டு இறந்தார். இப்போது எங்கள் அனுமதியோடு இறந்திருக்கிறார்.